மண்டைக்காட்டு மணல் சொல்லும் வரலாறு

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் நம் நினைவுக்கு வருகின்றன. பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டி, நான்கு தலைமுறைக்கு முந்திய பாட்டனார் ஒருவரின் பெயரைக் கண்டுகொண்டால் மகிழ்ந்துபோகிறோம். ஆனால், மண்டைக்காட்டுக் கடற்கரையில் நாள்தோறும் நம் காலடியில் மிதிபடும் மணல் இந்தப் பதிவேடுகள் எல்லாவற்றையும்விடப் பழையது. மழையும் ஆறும் அலையும் காற்றும் எழுதிவைத்த ஏடு அது. அந்த ஏட்டை முறையாகப் படிக்க மனிதர் கற்றுக்கொண்டு இன்னும் 400 ஆண்டுகள்கூட நிறைவுபெறவில்லை. அந்தப் படிப்பு எவ்வாறு வளர்ந்தது என்பதையும், அந்த மணலால் நம் கரைக்கு வந்து சேர்ந்தவை எவை என்பதையும் இங்கே சற்று எண்ணிப் பார்ப்போம்.

மணல் பிறக்கும் விதம்

மணவாளக்குறிச்சிக்கும் குளச்சலுக்கும் இடையே அமைந்த ஊர் மண்டைக்காடு. முன்னே அரபிக்கடல், பின்னே தொலைவில் வேளிமலை, அதற்கும் அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை. கடற்கரையில் கிடக்கும் மணலின் பிறந்தகம் அந்த மலைகளே.

அம்மலைப் பாறைகளில் இரண்டு வகை முதன்மையானவை. ஒன்று சார்னகைட்டு. கல்கத்தா நகரோடு தொடர்புடைய ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறை என்று கண்ட நிலவியலார் ஹாலண்ட், அவர் பெயரையே இதற்குச் சூட்டினார். அந்தக் கல் சென்னையை அடுத்த பல்லாவரத்துப் பகுதியிலிருந்து போனது என்பர். மற்றொன்று கோண்டலைட்டு. ஒரிசாவின் கோண்டு பழங்குடியினரின் பெயரால் அமைந்தது.

இந்தக் கோண்டலைட்டின் கதை வியப்புக்குரியது. தொடக்கத்தில் அது பாறையே அன்று. நீரின் அடியில் படிந்த களியும் மணலும்தான். அந்தப் படிவு நிலத்துக்குள் 20 கிலோமீட்டருக்கும் ஆழமாகப் புதைந்து, 800 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்து, உருமாறிப் பாறையாயிற்று. இது நடந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அந்நாளில் நம் நிலமும் இலங்கையும் மடகாசுகரும் அண்டார்டிக்காவும் ஒன்றோடொன்று இணைந்து கோண்டுவானா என்னும் பெருநிலமாகிக்கொண்டிருந்தன. களியில் இருந்த அலுமினியச் சத்து, அவ்வெப்பத்தில் சிலிமனைட்டு என்னும் கனிமமாகவும் கார்னெட்டு என்னும் செந்நிறக் கனிமமாகவும் மாறிற்று.

அன்று மண்ணாயிருந்தது பாறையானது. இன்று அந்தப் பாறை மீண்டும் மண்ணாகிறது. பாறைமேல் கட்டிய வீட்டையும் மணல்மேல் கட்டிய வீட்டையும் ஆண்டவர் உவமையில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாறையும் மணலும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை என்பதை நிலவியல் அதனோடு சேர்த்துச் சொல்கிறது. உவமையின் பொருள் இதனால் குறைந்துவிடாது. ஒரு வீட்டின் ஆயுளுக்கு மணல் வேறு, பாறை வேறுதான். உலகின் ஆயுளுக்குத்தான் இரண்டும் ஒரே பொருளின் இரு பருவங்கள்.

பாறை உடைவது எப்படி? நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மழைநீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, அதிலுள்ள மென்மையான கனிமங்களைக் களியாக அரித்துவிடுகிறது. அரிபடாமல் எஞ்சுவன குவார்ட்சும், இல்மனைட்டு, சிர்க்கான், மோனசைட்டு முதலிய வலிய கனிமங்களும். இவற்றை வள்ளியாறு கடியபட்டினத்திலும், குழித்துறையாறு தேங்காய்ப்பட்டினத்திலும் கடலில் சேர்க்கின்றன.

ஆற்றின் வேகம் குறையக் குறைய முதலில் பரலும், அடுத்து மணலும், பின்னர் வண்டலும், கடைசியில் களியும் படிகின்றன. அமெரிக்க நிலவியலார் வென்ட்வொர்த் 1922-இல் இவற்றுக்கு அளவு வகுத்தார். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது பரல். அதற்குக் கீழே, ஒரு மில்லிமீட்டரில் 16-இல் ஒரு பங்கு வரை உள்ளது மணல். 256-இல் ஒரு பங்கு வரை வண்டல். அதனினும் நுண்ணியது களி. நெடுந்தொலைவு உருண்டு வந்த மணி விளிம்பு தேய்ந்திருக்கும். அண்மையில் உடைந்தது கூர்மை மாறாமல் இருக்கும். ஆக, மணியின் உருவத்தைக் கொண்டே அது கடந்த வழியை ஓரளவு கணிக்கலாம். இத்தகைய படிவின்மேல் புதிய படிவுகள் ஏறி அழுத்த, நிலத்தடி நீரில் கரைந்துள்ள சுண்ணமும் சிலிக்காவும் இரும்பும் மணிகளுக்கிடையே புகுந்து பசைபோல் இறுக்க, மணல் மணற்கல்லாகிறது, களி களிக்கல்லாகிறது.

அலை என்னும் முறம்

நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் அரிசியைக் கொழிப்பதைக் கண்டிருக்கிறோம். நொய்யும் உமியும் ஒருபுறம் ஒதுங்க, கல்லும் மணியும் மறுபுறம் ஒதுங்கும். அலை செய்வதும் அதுவே. குவார்ட்சு மணி நீரைப்போல் 2.65 மடங்கு எடையுள்ளது. கார்னெட்டு ஏறத்தாழ 4 மடங்கு. இல்மனைட்டும் சிர்க்கானும் 4.6 மடங்குக்கு மேல். மோனசைட்டு ஏறத்தாழ 5 மடங்கு. கரையில் ஏறிய அலை திரும்பும்போது எளிய வெண்மணலை இழுத்துச் செல்கிறது. கனத்த மணிகள் தங்கிவிடுகின்றன. ஆனி, ஆடி மாதங்களில் கடல் சீறும்போது இந்தக் கொழிப்பு மும்முரமாகிறது. பெருங்கடல் அடங்கிய பின் கரை கறுத்துக் கிடப்பதற்குக் காரணம் இதுவே. அங்கே முழ ஆழம் தோண்டினால், கறுப்பும் வெளுப்பும் செம்மையுமாகப் பட்டை பட்டையாகத் தெரியும். அலையின் ஒவ்வொரு சீற்றமும் ஒவ்வொரு அமைதியும் விட்டுச்சென்ற அடுக்குகள் அவை.

நம் முன்னோர் இதைக் கூர்ந்து நோக்கியவர்கள். அலையும் ஆறும் ஒதுக்கிக் குவித்த மணல்மேட்டுக்கு எக்கர் என்று பெயரிட்டார்கள். நீரோட்டம் வரிவரியாக ஒதுக்கிய கருமணலுக்கு அறல் என்று பெயர். மகளிரின் நெளிந்த கூந்தலுக்குச் சங்கப் புலவர்கள் அந்த அறலையே உவமை கூறினர். அவ்வுவமையைப் படைத்தவர் கருமணலைக் கையால் அள்ளிப் பார்த்தவராகவே இருத்தல் வேண்டும். குமரிமுனையில் பலநிற மணலை விற்போர் மற்றொரு கதை சொல்வர். குமரியம்மனின் திருமணம் நின்றுபோக, விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் சமைக்கப்படாமலே மணலாகிவிட்டன என்பது அது. நிறத்துக்கு நிறம், எடைக்கு எடை மணிகள் பிரிந்து கிடப்பதற்கு மக்கள் தேடிக்கொண்ட விளக்கம் எனலாம்.

அடுக்குகளைப் படித்த ஆயர்

இவ்வடுக்குகளுக்கு விதி வகுத்த முதல்வர் ஒரு கத்தோலிக்க ஆயர் என்பது நம்முள் பலர் அறியாத செய்தி. 1638-இல் கோப்பன்ஹேகனில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்த நிக்கோலாஸ் ஸ்டீனோ, லூத்தரன் சபையில் வளர்ந்தவர், உடற்கூற்று மருத்துவர். கன்னத்திலுள்ள உமிழ்நீர் நாளம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1666-இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட ஒரு பெருஞ்சுறாவின் தலையை அறுத்து ஆராயும் பணி, புளோரன்சில் இருந்த அவரிடம் வந்தது. அதன் பற்களைக் கண்டபோது, மலைப்பாறைகளில் கிடைக்கும் 'நாக்குக் கற்கள்' அவர் நினைவுக்கு வந்தன. அவை வானத்திலிருந்து விழுந்தவை என்றும், பாறைக்குள் தாமாக முளைத்தவை என்றும் அக்காலத்தார் நம்பியிருந்தனர். அவை சுறாப் பற்களே என்றார் ஸ்டீனோ. அப்படியானால், கடல்மீனின் பல் மலைப்பாறைக்குள் புகுந்தது எங்ஙனம்?

இந்தக் கேள்விக்கு விடையாக 1669-இல் அவர் வெளியிட்ட சிறுநூல் நிலவியலின் அடித்தளமாயிற்று. அடுக்குகள் நீரில் படிந்தவை. ஆகவே கீழுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது. படியும்போது அவை கிடைமட்டமாகவே இருந்தன. சாய்ந்தும் செங்குத்தாகவும் நிற்பவை பிற்காலத்தில் அசைக்கப்பட்டவை. தடையில்லாதவரை ஓர் அடுக்கு எல்லாத் திசையிலும் தொடர்ந்து பரவியிருக்கும். இன்று பள்ளிப் பிள்ளைக்கும் எளிதாகத் தோன்றும் இம்மூன்று கருத்துகளையும் அவருக்கு முன் எவரும் விதியாகக் கோவைப்படுத்தவில்லை.

ஸ்டீனோ 1667-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார், 1675-இல் குருவானார், 1677-இல் ஆயராக வட ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் ஆய்வை விட்டு, வறுமையிலும் பணியிலும் கழித்து, 1686-இல் ஷ்வெரினில் உயிர்நீத்தார். 1988 அக்டோபர் 23 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை அருளாளராக உயர்த்தினார்.

அடுக்குகளின் வரிசையைச் சொன்ன ஸ்டீனோ, அவற்றின் கால நீட்சியைக் கணித்தாரல்லர். அதற்கு இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1788-இல் ஸ்காட்லாந்தின் சிக்கர் முனையில், செங்குத்தாக நின்ற பழைய அடுக்குகளின்மேல் மெல்லச் சாய்ந்த புதிய அடுக்குகள் படிந்திருப்பதை ஜேம்ஸ் ஹட்டன் தம் நண்பர்களுக்குக் காட்டினார். கீழடுக்கு படிந்து, கல்லாகி, நிமிர்ந்து, தேய்ந்து, அதன்பின் மேலடுக்கு படிய எவ்வளவு காலம் ஆகியிருக்கும்? அந்த எண்ணமே அவர்களைத் திகைக்கவைத்தது.

தமிழகத்து ஏடுகள்

தமிழகத்தில் இந்த ஏடு மிக விரிவாகத் திறந்து கிடப்பது அரியலூரில். 1840-களில் கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் அப்பகுதியில் கடற்சிப்பிப் புதைபடிவங்களைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். பின்னர் இந்திய நிலவியல் அளவைத் துறையின் ஹென்றி பிளான்போர்டு முறையாக அளந்து, 1862-இல் வெளியான நூலில் அங்குள்ள படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது என்பதை அவை காட்டுகின்றன. அக்கடலின் சுண்ணப்படிவே இன்று அங்குள்ள சிமெண்ட் ஆலைகளுக்கு உணவு.

நம் பழைய திருவிதாங்கூரில் வில்லியம் கிங் 1882-இல் வர்க்கலைக் கடற்பாறைச் செங்குத்தை விவரித்தார். மணற்கல்லும் களியும் மரக்கரியும் அடுக்கடுக்காக அமைந்த படிவு அது. மண்டைக்காட்டுக்கு அருகிலேயே முட்டத்தில் செம்மணல் மேடுகள் உள்ளன. காற்று கொண்டுவந்து குவித்த மணல்மணிகளை இரும்புத் துரு பூசிச் சிவக்கவைத்திருக்கிறது. கிழக்கே தூத்துக்குடி மாவட்டத்தில் இதே இனமான மேடுகளைத் தேரி என்பர். அத்தேரிகளில் பழங்கற்காலத்துக்குப் பிந்திய மக்களின் நுண்கற்கருவிகள் கிடைப்பதை சாய்னரும் ஆல்ச்சினும் 1956-இல் விரிவாக எழுதினர். மணல் அடுக்கு மனித வரலாற்றையும் பொதிந்து வைப்பதற்கு அதுவே சான்று.

கயிற்றில் ஒட்டிய மணல்

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் வாயுவில் எரிந்தன. ஆஸ்திரியரான ஆவர் வான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த மேண்டில் என்னும் வலை அவ்விளக்குகளுக்கு வெள்ளொளி தந்தது. திருவிழாக் காலங்களில் நாம் ஏற்றிவந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலையும் அதுவே. அதற்கு வேண்டிய தோரியம் மோனசைட்டிலிருந்து எடுக்கப்பட்டது. மோனசைட்டு பெரும்பாலும் பிரேசிலிலிருந்து வந்தது.

1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், நம் நாட்டிலிருந்து இறக்குமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு இருக்கக் கண்டார். அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று தேடி வந்தவர், அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் ஆலை தொடங்கினார். பின்னர் கொல்லத்தை அடுத்த சவறையிலும் ஒன்று எழுந்தது. முதல் உலகப்போர் மூண்டதும் அவர் ஜெர்மனியின் உளவாளி என்று கைதுசெய்யப்பட்டார். மணல் வணிகம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. மின்விளக்கு பரவியபின் மேண்டிலின் மதிப்புக் குறைந்தது. ஆனால் இல்மனைட்டுக்குப் புதிய தேவை பிறந்தது. அதிலிருந்து கிடைக்கும் டைட்டேனியம் ஆக்சைடு தூய வெண்மையான வண்ணப்பூச்சுக்கு மூலப்பொருள். கரையிலேயே மிகக் கறுத்த மணல், உலகத்தின் சுவர்களை வெளுக்கப் போயிற்று.

1945-இல் அணுகுண்டு வெடித்தபின் மோனசைட்டின் நிலை அடியோடு மாறிற்று. தோரியம் அணு ஆற்றலுக்குரிய பொருளாகக் கருதப்பட்டது. 1946-இல் மோனசைட்டு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 1947-இல் திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் திருவிதாங்கூரைத் தனிநாடாக நிறுத்த முனைந்தபோது, அவருடைய கணக்கில் இந்த மணலுக்கும் ஓர் இடம் இருந்தது. விடுதலைக்குப் பின், 1950 ஆகஸ்ட் 18 அன்று இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தோன்றியது. 1952 டிசம்பர் 24 அன்று ஆலுவாயில் அதன் ஆலையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. 1965-இல் மணவாளக்குறிச்சி ஆலை அந்நிறுவனத்தின் கீழ் வந்தது. இன்று மக்கள் அதனை மணல் ஆலை என்றே அழைக்கின்றனர்.

இம்மணிகளுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. மோனசைட்டிலும் சிர்க்கானிலும் உள்ள யுரேனியமும் தோரியமும் மாறாத வேகத்தில் ஈயமாகிக்கொண்டிருக்கின்றன. சேர்ந்துள்ள ஈயத்தை அளந்து, மணி பிறந்த காலத்தைக் கணக்கிடுகின்றனர். நம் மலைகளுக்கு 55 கோடி ஆண்டு என்று மேலே கூறினோம். அக்கணக்கைத் தந்தவை இத்தகைய மணிகளே.

கரையின் கணக்கு

கடற்கரை ஒரு குடும்பத்தின் வரவுசெலவு போன்றது. ஆறு கொண்டுவருவது வரவு. அலை கொண்டுபோவது செலவு. 1906-இல் பேச்சிப்பாறை அணை முடிந்தது. நாட்டுக்குச் சோறு கிடைத்தது. ஆனால் அணை நீரோடு மணலையும் வண்டலையும் தடுத்து நிறுத்துகிறது. ஆற்றுமணல் கட்டடங்களுக்கு அள்ளப்பட்டது. கரையோரம் தூண்டில் வளைவும் கற்சுவரும் எழுந்தால், ஒரு பக்கம் மணல் சேர, மறுபக்கம் கரை அரிக்கிறது. இத்தனைக்கும் மேலாகக் கரைமணலையும் எடுக்கும்போது, வரவு குறைந்த வீட்டில் முதலையும் தொடுவதாகிறது.

அந்த மணல்மேடு எதற்கு என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்களில் நூற்றுக்கணக்கான உயிர்களை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. திரும்பிய கடல் வீடுகளுக்குள்ளும் வயல்களிலும் மணலை விரித்துச் சென்றது. தாய்லாந்தின் பிரா தோங் தீவில் அத்தகைய மணல்விரிப்பைத் தோண்டிய ஆய்வாளர்கள், அதற்குக் கீழே கரிய மண்ணுக்கிடையில் அதேபோன்ற பழைய மணலடுக்குகளைக் கண்டு 2008-இல் அறிவித்தனர். அவற்றுள் அண்மையது 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முற்பட்டது. இப்படி ஒரு கடல் முன்பும் வந்ததுண்டு; மனிதரின் நினைவு அதை இழந்துவிட்டது; மணல் இழக்கவில்லை. அந்த அடுக்கு முன்னரே படிக்கப்பட்டிருந்தால், கடல் பின்வாங்கிய அந்தக் காலையில் எத்தனை பேர் கரையை விட்டு ஓடியிருப்பார்கள்!

அண்மையில் கிள்ளியூர் வட்டத்தின் கடலோர ஊர்களில் சுமார் 1,144 எக்டேர் நிலத்தில் மணல் எடுக்கும் திட்டம் பேசப்பட்டபோது, 2024-இல் மக்கள் திரண்டு எதிர்த்தனர். ஆலை பலருக்கு வேலை தருகிறது. நாட்டுக்கு அருங்கனிமம் வேண்டும். இவை மறுக்கத்தக்கவை அல்ல. மோனசைட்டின் கதிர்வீச்சு குறித்து மக்களிடம் உள்ள அச்சமும் அலட்சியப்படுத்தத்தக்கதன்று. கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சினால் புற்றுநோய் மிகுந்ததாகக் காட்டவில்லை. ஆயினும் அது அந்தக் கரையின் கணக்கு. நம் கரையின் கணக்கை நம் கரையிலேயே எடுத்து, நம் மக்கள் படிக்கும் மொழியில் அவர்கள் முன் வைப்பதே நேர்மை. எவ்வளவு மணல் வருகிறது, எவ்வளவு போகிறது, எவ்வளவு எடுக்கலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல், இசைவு கேட்பதும் கொடுப்பதும் முறையன்று.

புற்றும் கரையும்

மண்டைக்காட்டின் புகழுக்குக் காரணம் பகவதியம்மன் கோயில். அங்கே வழிபடப்படுவது சுமார் 15 அடி உயர்ந்த மண்புற்று. கறையான் ஒவ்வொரு மண்மணியாகச் சுமந்து, தன் உமிழ்நீரால் ஒட்டி எழுப்புவது புற்று. ஆறும் அலையும் செய்யும் வேலையை ஒரு சிற்றுயிர் செய்கிறது. இந்துச் சகோதரர்கள் அதன்முன் தலைவணங்குகிறார்கள். சற்றுத் தொலைவில் நம் மீனவ மக்கள் அதே மண்ணின் மணலில் வலையை உலர்த்துகிறார்கள்.

1982 மார்ச்சு மாதம், மாசிக் கொடை விழாவின்போது, இந்தக் கரையில்தான் இரு சமயத்தாரிடையே கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. நீதிபதி வேணுகோபால் ஆணையம் அதை விசாரித்தது. குன்றக்குடி அடிகளார் இரு தரப்பாரிடமும் சென்று அமைதிக்காக உழைத்ததை நம் முதியோர் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கின்றனர்.

அந்த ஆண்டும் இம்மண்ணின் ஓர் அடுக்கே. ஸ்டீனோவின் விதிப்படி, படிந்துவிட்ட அடுக்கை யாரும் நீக்கிவிட முடியாது. அது அடியில் இருந்துகொண்டே இருக்கும். ஆனால் அதன்மேல் படியப்போகும் அடுக்கு இன்னும் படியவில்லை. கடல் அரித்தால் கோயிலுக்குப் போகும் வழியும் போகும், கோவிலுக்குப் போகும் வழியும் போகும். அம்மனுக்குப் பொங்கலிடும் மணலும் வலை காயும் மணலும் ஒன்றே. அந்தக் கரையைக் காப்பதற்கு இரு சமயத்தாரும் ஓரிடத்தில் கூடி அமர்வார்களாயின், பிற்காலத்தில் இம்மண்ணைப் படிப்பவர்களுக்கு நம் காலத்து அடுக்கு நல்லதொரு செய்தி சொல்லும்.